புதுப்பிப்பு: பக்கத்து வீட்டுக்காரர் கரண்ட் திருடுன விஷயம்

வீடு பூட்டிக் கிடந்தாலும் பில் ஏறுது, பக்கத்து வீட்டு மேல சந்தேகமா இருக்குன்னு முன்னாடி சொன்னேன்ல, அது உண்மைதாங்க. மெயின ஆஃப் பண்ணிட்டுப் போய் பார்த்தா மீட்டர்ல பல்ஸ் லைட் (கரண்ட் ஓடுனா மினுக்கற சின்ன லைட்டு) விடாம மினுக்குது, அப்படின்னா மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல யாரோ இழுக்கறாங்க. எலக்ட்ரீஷியன் அந்த வயர் போற பைப்ப கழட்டிக் காட்டினாரு, வயர் தோல சீவி இன்னொரு வயர முறுக்கி சும்மா டேப் சுத்தியிருக்காங்க, சூட்டுல டேப்பே கருகிக் கெடக்கு, பில்லு போனாப் போகுது, தீப்பிடிச்சிருந்தா புள்ளைங்க கதி என்ன?

வெட்டி எறியத்தான் கை துடிச்சுச்சு, ஆனா மெயின் ஆஃப்ல இருந்தாலும் அந்த இடத்துல கரண்ட் இருக்கும், தயவுசெஞ்சு யாரும் தொடாதீங்க. போட்டோ எடுத்து மின்வாரியத்துல எழுதிக் குடுத்தேன், அவங்களே வந்து துண்டிச்சு சீல் வச்சிட்டாங்க. இத்தன நாள் கட்டுன பணத்தையும் கேட்டிருக்கேன், விடறதா இல்ல.