புதுப்பிப்பு: கொடியில் இருந்தது தங்க டிராகன்

போரில் தோற்றுப்போன அரசகுலத்தின் வாரிசுகள் டிராகன் மந்திரத்தை மீட்கும் என் கதைக்கு வேல்ஸ் வரலாறுதான் அடித்தளம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழை. 1401-இல், ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் க்ளின்டூர், வேல்ஸின் கைர்னார்வன் கோட்டை நகரின் முன் ஏற்றிய கொடியில் இருந்தது சிவப்பு டிராகன் அல்ல. வெள்ளைத் துணியில் தங்க டிராகன். சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி.

முதல் அத்தியாயத்தையும் மாற்றிவிட்டேன். இப்போது பிரிஸ்டல் கோட்டையில் தொடங்குகிறது. 1283-இல் ஆங்கிலேயர் வேல்ஸை வென்றபோது அங்கே சிறுவனாகச் சிறைப்பட்டவன் இன்னோர் ஓவைன், வேல்ஸ் இளவரசர் டாவித்தின் மகன். அவனை இரவில் இரும்புப் பட்டை அடித்த மரக்கூண்டில் பூட்டச் சொல்லி இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் உத்தரவிட்டது 1305-இல். இருபது வருடம் கழித்தும் அவ்வளவு பயம்! அவன் பெரியப்பா மகள் க்வென்லியனைக் கைக்குழந்தையிலேயே லிங்கன்ஷயர் கன்னிமடத்தில் விட்டார்கள். 1337-இல் அங்கேயே இறந்தாள். என் கதையில் டிராகன் முதலில் பேசுவது அவளிடம்தான்.