கழுவியதும் பெருத்துப்போன ஸ்வெட்டர், ஒரு வழி சொல்லுங்களேன்

குன்னூர் குளிருக்கு அப்பாவுக்காக நானே டிசைன் போட்டு, கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன் ஸ்வெட்டர் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்கோடாகக் கை இணையும் வகை) ஒன்று பின்னினேன். 4 மி.மீ. ஊசி, சூப்பர்வாஷ் (மெஷினில் துவைத்தாலும் சுருங்கித் திரளாதபடி பதப்படுத்திய) மெரினோ கம்பளி நூல். அளவு பார்க்க முதலில் பின்னிய மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தது, மார்புக்கு 100 செ.மீ. வேண்டும் என்று 220 கண்ணி வைத்தேன். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டெட்டுக் கண்ணியாகக் கூட்டிக்கொண்டே போக, நான்கு சாய்கோடுகளும் அக்குளை நோக்கி அழகாக இறங்கியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, ராத்திரி 12 மணிக்கும் ஊசியைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

முடித்து, நனைத்து, காயப்போட்டேன். அவ்வளவுதான். இப்போது 10 செ.மீ.க்கு 20 கண்ணி, அதாவது மார்பு 110 செ.மீ.! மாதிரித் துண்டை நனைக்காமலே அளந்தது என் தப்புதான், திட்டுபவர்கள் அப்புறம் திட்டுங்கள். அப்பாவோ "பரவாயில்லம்மா, உள்ள இன்னொரு சட்டை போட்டுக்கிறேன்" என்கிறார்.

அக்குள் வரை மட்டும் பிரித்து 3.5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னினால் தோளோடு பொருந்துமா, இல்லை முழுதும் பிரிக்க வேண்டுமா? டிரையரில் கொஞ்ச நேரம் போட்டால் சூப்பர்வாஷ் நூல் பழைய அளவுக்குத் திரும்பும் என்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சனிக்கிழமை பிரிக்க உட்காருவதற்குள் சொன்னால் நல்லது.