தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு: புதுப் படகில் பாறைத் தூண்டில்

உறவுகளுக்கு வணக்கம். சித்தியவான் தம்பிகள் கூட்டாக வாங்கிய 16 அடி ஃபைபர் படகை, மலேசியாவின் பேராக் கரையிலுள்ள லூமுட்டிலிருந்து இறக்கிக் கடலடிப் பாறைகளில் மீன் பிடிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். எல்லாரும் தூண்டிலைப் பற்றியே கேட்கிறீர்கள், நங்கூரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாறையில் படகைக் கவிழ்ப்பது அதுதான்.

முதலில் நாள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் பண்டிகைக்கு மறுநாள் கிளம்பும் திட்டத்தை விடுங்கள். மலாக்கா நீரிணையில் அப்போது நீரோட்டம் கடுமை, 200 கிராம் ஈயக்குண்டுகூடத் தரையில் நிற்காது. அட்டமிக்கும் ஏகாதசிக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் தோது. லீவை அதற்கேற்பப் போடுங்கள். விடியற்காலை மேற்கே கருமேகம் சுவர்போல் எழுந்தால் சுமத்ராக் காற்று என்கிற திடீர்ச் சூறை வருகிறது, கரையிலேயே இருங்கள்.

இன்ஜினைத் தட்டுவதற்கு முன் படகின் அடித்தட்டில் தண்ணீர் வடியும் துளைக்கு அடைப்பான் போட்டாயிற்றா, பெட்ரோல் தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திருகை மறந்தால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டு, முக்கிமுக்கி நின்றுவிடும். புது ஆள் பிளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்ஜின் பின்னாலிருந்து தண்ணீர்ப் பீச்சல் வராவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க.

இனி நங்கூரம். மணலுக்கான தட்டை நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டினால் வராது. வளையக்கூடிய இரும்புக் கம்பிக் கொக்கிகள் உள்ளது போதும். சங்கிலி 2 மீட்டர், கயிறு ஆழத்தைப்போல் மூன்று மடங்கு: 25 மீட்டர் ஆழத்துக்கு 75 மீட்டர். சங்கிலியை மேல் வளையத்தில் பூட்டாதீர்கள். கொக்கிகள் சேரும் அடிப்பகுதியில் பூட்டி, தண்டின் ஓரமாக மேலே கொண்டுவந்து, வளையத்தோடு மெல்லிய நூலால் இரண்டு சுற்றுக் கட்டுங்கள். சிக்கிக்கொண்டால் ஓட்டத்துக்கு எதிராக மெதுவாகப் போய் இழுக்க நூல் அறும், நங்கூரம் அடிப்பக்கமாகக் கழன்று வரும். பாறைக்கு மேலேயே போடாமல், ஓட்டம் வரும் திசையில் தள்ளி மணலில் போட்டுக் கயிறு விட்டால் படகு தானாகப் பாறைமேல் வந்து நிற்கும், பவளமும் உடையாது. கயிறு எப்போதும் முன்மூக்கில்தான். பின்பக்கம் கட்டினால் இன்ஜின் பாரமும் ஓட்டமும் சேர்ந்து அழுத்த, அலை உள்ளே ஏறிவிடும்.

தூண்டிலில் பெரிய சூட்சுமம் இல்லை. 60 பவுண்டு தாங்கும் தங்கூசி (நைலான் தூண்டில் நூல்), 5/0 அளவுத் தூண்டில் முள், இரைக்குக் கணவாய்த் துண்டு. ஈயக்குண்டை மட்டும் மெல்லிய தங்கூசியில் கட்டுங்கள், சிக்கினால் குண்டோடு போகும். கெராப்பு (களவா மீன்) கடித்ததும் முதல் இரண்டு மீட்டரை விட்டுக்கொடுக்காமல் சுற்றுங்கள். பொந்துக்குள் புகுந்துவிட்டால் இழுக்காமல் தங்கூசியைத் தளர்த்திச் சில நிமிடம் விடுங்கள், பல சமயம் தானே வெளியே வரும்.

ஓரா, கெளிறு மீன்களின் நச்சு முள் குத்தினால் ஐஸ் வைக்காதீர்கள். தோல் பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரைமணியாவது ஊற வைக்க வேண்டும். ஆகவே காப்பிக்கு ஒரு பிளாஸ்க், இதற்கு ஒரு பிளாஸ்க்.