டாலி பார்ட்டனோட "கோட் ஆஃப் மெனி கலர்ஸ்" முழு ஆல்பமா கேக்கலாமா?

மழைச்சாரல்:
அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புற பாணி) பாடகி டாலி பார்ட்டன்ல எனக்குத் தெரிஞ்சது "ஜோலீன்", அப்புறம் விட்னி ஹூஸ்டன் பாடின "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ"வோட ஒரிஜினல், அவ்ளோதான். இப்ப 1971ல வந்த இந்த ஆல்பத்தோட டைட்டில் பாட்டையே திரும்பத் திரும்ப ஓட்டிட்டு இருக்கேன், அந்த அம்மா உக்காந்து தைக்கிற எடம் வந்தாலே தொண்டை அடைக்குது. மிச்ச பாட்டெல்லாமும் இதே மாதிரிதானா? கேட்டவங்க சொல்லுங்களேன்

பழைய ரெக்கார்டு:
தாராளமா கேளுங்க, மொத்தம் பத்தே பாட்டு, அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனா எல்லாமே அழ வைக்கும்னு நெனச்சு உக்காராதீங்க. அடுத்த பாட்டே "டிராவலிங் மேன்", அம்மாவுக்குத் தெரியாம ஒரு ஊர்சுத்திய லவ் பண்ற பொண்ணு அவன்கூட ஓடிப்போக ரெடியாகுது, கடைசில பாத்தா அவன்கூட ஓடிப்போனது அம்மா!! அவ்ளோ பாசமான அம்மாவ காட்டின கையோட இத வெக்க எவ்ளோ தைரியம் வேணும்.

டைட்டில் பாட்டு அவங்க சொந்தக் கதை. டென்னஸி மலைப்பக்கம், 12 பிள்ளைங்க இருந்த ஏழை வீடு, ஒட்டுத்துணிய சேத்து அம்மா கோட் தைக்கிறாங்க, தைச்சுக்கிட்டே பைபிள்ல வர்ற யோசேப்போட பலவருண அங்கி கதைய சொல்றாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க சிரிக்கிற எடத்துல டாலி குரல உடைச்சு அழுது பாடல, கவனிச்சீங்களா? இவ்ளோ அழகான கோட்ட பாத்து ஏன் சிரிக்கிறாங்கன்னு நெஜமாவே புரியாத குழந்தையா பாடுறாங்க, அதனாலதான் நமக்குத் தொண்டை அடைக்குது. அப்போ அவங்க கூட சேர்ந்து பாடின கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வாகனரோட டூர் பஸ்ல போறப்ப, அவர் சூட்டுக்கு வந்த டிரை கிளீனிங் ரசீது பின்னாடி எழுதின பாட்டு அது

கிட்டார் பிரியன்:
நல்ல ஆல்பம்தான், ஆனா ஏழு பாட்டு டாலி எழுதினது, மூணு போர்ட்டர் எழுதினது, அந்த மூணும் என்னப் பொறுத்தவரைக்கும் டல்லு. குறிப்பா "தி மிஸ்டரி ஆஃப் தி மிஸ்டரி" ஸ்கிப் பண்ணலாம். அதுக்குப் பதிலா "எர்லி மார்னிங் பிரீஸ்" ரெண்டு தடவ கேளுங்க. "ஜோலீன்" ஆல்பத்துலயும் அதையே மறுபடி பாடியிருக்காங்க, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க ப்ரோ

பழைய ரெக்கார்டு:
மிஸ்டரி விஷயத்துல ஒத்துக்கறேன், ஆனா "இஃப் ஐ லூஸ் மை மைண்ட்" போர்ட்டர் பாட்டுதானே, அத எப்படி விடுறது? அவன்கூட இருந்தா பைத்தியமே புடிச்சிடும்னு ஒரு பொண்ணு அம்மாகிட்டயே திரும்பி வந்து கெஞ்சுது. மொத நாலு பாட்டுக்குள்ளயே மூணு அம்மா, மூணும் மூணு விதம், வரிசை மாத்தாம கேட்டாதான் இது பிடிபடும். ஷஃபிள்ல மட்டும் போட்டுடாதீங்க

மழைச்சாரல்:
ஸ்கிப், ஷஃபிள் எதுவும் இல்லாம இன்னிக்கு நைட்டே ஹெட்போன் மாட்டி கேட்டுடறேன். "ஹியர் ஐ ஆம்"னு டாலி, பாடகி சியா கூட பாடினது ஒண்ணு கேட்டிருக்கேன், அதுவும் இதுலேந்து வந்ததுதானா?

கிட்டார் பிரியன்:
ஆமா ஒரிஜினல் இதுலதான், ஒன்பதாவது பாட்டு