3,000 லிட்டர் தொட்டி போதுமா?

குழு: அடுக்கக வீட்டார், பார்வதிபுரம், நாகர்கோவில்

1ஏ (செயலாளர்): அனைவருக்கும் வணக்கம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பிக்க வந்த ஒப்பந்ததாரர், சேகரிப்புத் தொட்டிக்கு 3,000 லிட்டரும், அதிலிருந்து, கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திச் சுத்திகரிக்கும் காற்றூட்டத் தொட்டிக்கு ஏற்றும் பம்புக்கு 3 எச்.பி.யும் எழுதித் தந்துள்ளார். 2பி மாமா பார்த்துச் சொன்னால் கையெழுத்திடுவேன்.

2பி: இப்போது கையெழுத்திட வேண்டாம், மகளே. 40 வீட்டில் 160 பேர் இருக்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. ஆக 17,280 லிட்டர், மணிக்குச் சராசரி 720. அதை 4 மணி நேரத்தால் பெருக்கி 3,000 என்று போட்டிருக்கிறார் போலும். ஆனால் குளியலும் துவையலும் காலை 5 முதல் 9 மணிக்குள் முடிந்துவிடுவதால், பாதித் தண்ணீர், அதாவது 8,640 லிட்டர், அதற்குள் இறங்குவதாகக் கொண்டால், பம்பு அந்தச் சராசரி அளவிலேயே 4 மணி நேரத்தில் வெளியேற்றும் 2,880 போக 5,760 லிட்டர் தங்க இடம் வேண்டும். கொஞ்சம் கூடுதல் இடமும் சேர்த்து 8,000 லிட்டருக்குக் குறையக் கூடாது.

4சி: பம்பு பெரிதாக இருந்தால் விரைவாக இறைத்துவிடுமே, மாமா?

2பி: அப்படி இறைத்தால்தான் கெடும், தம்பி. காலை வரத்து முழுவதும் ஒரே வீச்சில் காற்றூட்டத் தொட்டி வழியாக, அடுத்துள்ள தெளிவுத் தொட்டிக்குள் பாய்ந்து, அங்கே அடியில் படிய வேண்டிய சேற்றைக் கலக்கி வெளியே தள்ளும். பம்பும் சில நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடி, மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) கருகும். மணிக்கு 720 லிட்டரை 4 மீட்டர் உயர்த்த 8 வாட் போதும். பம்பின் திறன் 25 சதவீதமே என்றாலும் 32 வாட்தான், சாதாரண மின்விசிறிக்குச் செலவாவதில் பாதிகூட இல்லை. அவ்வளவு சிறிய பம்பில் துணியும் முடியும் சிக்கும் என்பதற்காகவே அரை எச்.பி. கழிவுநீர் பம்பு வாங்கி, மிகுதியை வால்வு வழியே சேகரிப்புத் தொட்டிக்கே திருப்புகிறோம். மாற்றுக்கு இன்னொன்றும் வேண்டும்.

3ஏ: ஐப்பசியில் தொட்டி நிரம்பி வழிந்தது இதனால்தானா, அண்ணாச்சி?

2பி: அது வேறு கதை, அம்மா. நம் மொட்டை மாடி 400 சதுர மீட்டர்; 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20,000 லிட்டர், ஒரு நாள் கழிவைவிட அதிகம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை இரண்டும் பெய்யும் ஊரில், மழைக்குழாய் கழிவுநீரில் சேர்ந்தால் எந்தத் தொட்டியும் தாங்காது.

4சி: பின்பக்கத்து மழைக்குழாய் எங்கள் குளியலறைக்குக் கீழுள்ள கழிவுநீர்ச் சேம்பருக்குள்தான் இறங்குகிறது. படம் எடுத்து அனுப்புகிறேன்.

1ஏ (செயலாளர்): அனுப்புங்கள். நாளை காலை பிளம்பரை அங்கே வரச் சொல்கிறேன். ஒப்பந்தத்தை அதன் பிறகே திருத்தித் தரச் சொல்வோம்.