ஸ்னாப்டிராகன் மடிக்கணினியில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம்: உதவி தேவை

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். சுங்கை சிப்புட்டில் பேனர், ஸ்டிக்கர், கல்யாண அட்டை அடிக்கும் சிறிய கடை எங்களுடையது. பழைய மடிக்கணினி போய்விட்டதால் ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசசர் உள்ள ஒன்றை வாங்கினோம். பேட்டரி நன்றாக நிற்கிறது, வேகமும் சரி. ஆனால் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தை அது கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.

இந்த ப்ராசசர் ஏஆர்எம் வகை, இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களிலிருந்து வேறுபட்டது. இன்டெல், ஏஎம்டிக்கு எழுதிய மென்பொருளை விண்டோஸ் 11 தன்னிடமுள்ள பிரிசம் என்ற மாற்றி வழியாக ஓட்டிவிடும். எங்கள் டிசைன் மென்பொருள் அப்படித்தான் ஓடுகிறது. இயந்திரத்தைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மட்டும் அப்படி ஓடாது, ஏஆர்எம்முக்கென்றே எழுத வேண்டும். இயந்திரத்தை விற்ற நிறுவனமோ எப்போது கேட்டாலும் “அடுத்த பதிப்பில் வரும்” என்கிறது. இந்த மடிக்கணினிகள் 2024 ஜூனிலேயே விற்பனைக்கு வந்தவை. ஆப்பிளும் 2020-லேயே எம்1 என்ற தன் ஏஆர்எம் வகை சிப்புக்கு மாறத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு டிரைவர் எழுதவில்லை என்றால், காசு கொடுத்து வாங்கியவர்களை மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். தைப்பூச ஆர்டர்கள் வேறு வரத் தொடங்கிவிட்டன.

கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் போடச் சிலர் சொன்னார்கள். அதிலும் ஏஆர்எம் விண்டோஸ்தான் ஓடும் என்பதால் பயனில்லை.

பழைய இன்டெல் கணினியை இயந்திரத்தோடு இணைத்து, வேலையை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறையை யாராவது செய்திருக்கிறீர்களா? எப்படி அமைப்பது? அப்புறம், ஈப்போ பக்கம் பழைய மேசைக்கணினியை நம்பி வாங்கக்கூடிய கடை தெரிந்தால் சொல்லுங்கள்.