மறு: சுழற்சி ஓட்டமா, கொந்தளிப்பு ஓட்டமா?

அன்பர்களே,

குழாய்க்குள் நீர் ஓடும் பாடம் திங்களன்று அச்சுக்குப் போக வேண்டும், டர்புலன்ஸுக்கு, அதாவது ஓடும் நீர் ஒழுங்கு குலைந்து தாறுமாறாகக் கலந்து ஓடுவதற்கு, ஒரு தமிழ்ச் சொல் கொடுங்கள் என்று நான் கேட்டுப் பத்து நாள் ஆகிறது. சிலர் 'சுழற்சி ஓட்டம்' என்கிறீர்கள், சிலர் 'கொந்தளிப்பு ஓட்டம்' என்கிறீர்கள். முடிவான சொல் வரவில்லை, தொல்காப்பியம் வந்துவிட்டது.

'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்ற உரியியல் நூற்பாவைக் காட்டி 'அலமரல் ஓட்டம்' என்று வைக்கச் சொன்ன ஐயாவுக்கு: சொல் அழகுதான். ஆனால் அந்த நூற்பாவே அதற்குச் சுழற்சி என்றுதானே பொருள் சொல்கிறது? நாம் தப்பிக்கப் பார்ப்பதே அந்தச் சுழற்சியிடமிருந்துதான். வாளித் தண்ணீரைக் கையால் மெல்லச் சுற்றிவிடுங்கள், ஒழுங்காகச் சுற்றும், அதில் டர்புலன்ஸ் ஏது? இன்னொரு வம்பும் உண்டு. குழாயில் சீராக ஓடும் நீரை எடுத்துக்கொண்டால், சுவரை ஒட்டிய நீர் நின்றுவிடுகிறது, நடுநீர் விரைகிறது, இடையில் ஒரு துரும்பைப் போட்டால் அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டே போகும். 'அப்போ இதுவும் சுழற்சி ஓட்டமா சார்' என்று ஒரு பையன் கேட்டால் என்ன சொல்வது?

லத்தீனில் 'டுர்பா' என்றால் கும்பல், அமளி. அதைப் பிடித்துக்கொண்டு, தமிழில் கொந்து என்றாலும் கொத்து, திரள்தானே, ஆகவே கொந்தளிப்பும் டர்புலன்ஸும் ஒரே கருத்தில் பிறந்தவை என்று நீளமாக ஒரு மடல். ரசித்துப் படித்தேன், நம்பவில்லை. டர்புலன்ஸ் என்ற சொல்லை இயற்பியலாளர் கெல்வின் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1887இல். அதற்கு முன் 1883இல் கண்ணாடிக் குழாய்க்குள் சாயத்தை இழையாக விட்டுப் பார்த்த பொறியியலாளர் ரெனால்ட்ஸ், 'நெளிந்து ஓடுவது' என்ற பொருளில்தான் எழுதினார். வேரைத் தோண்டவில்லை, கண்ணால் கண்டதைச் சொன்னார்.

ஆனால் சுழற்சிக் கட்சிக்கு நானே ஒரு சாட்சி எடுத்துக் கொடுக்கிறேன். வேகம் கூடியதும் சாயம் குழாய் முழுக்கக் கலங்கிப் பரவியது; அதையே மின் தீப்பொறி வெளிச்சத்தில் பார்த்தபோது ரெனால்ட்ஸுக்குச் சுழி சுழியாகத்தான் தெரிந்தது. சரி, அந்தக் குட்டிச் சுழிகளுக்குச் 'சுழி' என்றே இருக்கட்டும், மொத்த ஓட்டத்துக்கு வேண்டாம். 'கலங்கல்' நல்ல சொல், ஆனால் சேற்று நீருக்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

களைத்துப்போய்ப் பலரும் 'கொந்தளிப்பு ஓட்டம்' பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். கடல் கொந்தளிக்கிறது என்றால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. அதையே அனுப்புகிறேன்.

'கொந்தளிப்பு மனத்துக்கு, குழாய்க்கு அல்ல' என்று நேற்றிரவு எழுதிய அம்மாவுக்கு: அலமரலும் மனத்துக்கு வருவதுதான், அதை மட்டும் எப்படி ஆதரித்தீர்கள்?